பள்ளிக்கு வாங்கிய ஹீலியம் குழாய்: ஆறு மாத அனுபவம்

போன ஆடி மாதம் எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே மூன்று பொருள்கள். ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் ஹீலியம் அடைத்த கண்ணாடிக் குழாய், அதை மாட்டி எரியவிடும் மின்வழங்கி, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும், கண்ணருகே வைத்துப் பார்க்கும் சின்ன நிறமாலைகாட்டி. குழாய் 1,350 ரூபாய், மின்வழங்கி 3,900, நிறமாலைகாட்டி 480. கூரியர், வரி எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. பள்ளி நிதியில் பாதி கிடைத்தது, மீதியை நானும் வேதியியல் ஆசிரியரும் போட்டுக்கொண்டோம்.

வாங்குவதற்கு முன் தமிழில் ஏதாவது மதிப்புரை கிடைக்குமா என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. பள்ளிக்கு வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைக்கு வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆய்வகப் பொருள்களுக்குப் பேர்போன ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து வந்த சரக்கு இது. விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறையும் நிறையும் இதே வகைப் பொருள் எந்தக் கடையில் வாங்கினாலும் கவனிக்க வேண்டியவைதான்.

நான் வத்தலக்குண்டு பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. 19 வருடமாகப் பிளஸ் டூ எடுக்கிறேன். இந்தக் குழாய் வாங்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு மாணவி. பிளஸ் ஒன் பிள்ளைகளைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப்போயிருந்தோம். அங்குள்ள காட்சிக்கூடத்தில் சூரிய ஒளியை விரித்து, அதன் குறுக்கே ஓடும் ஃபிரானோஃபர் கருங்கோடுகளைக் காட்டுவார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தை விழுங்குவதால் விழும் கோடுகள் அவை. எல்லாரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் என் கையைப் பிடித்து, "மிஸ், சூரியன்லதான ஹீலியத்தைக் கண்டுபிடிச்சாங்க, இதுல ஹீலியம் கோடு எது?" என்று கேட்டாள். மஞ்சளில் அடுத்தடுத்து இருந்த இரண்டு கருங்கோடுகளைக் காட்டி, "அந்தப் பக்கத்துலதாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். பேருந்து மலையிறங்கும்போது, டம்டம் பாறை தாண்டியதும்தான், நான் சொன்னது தவறு என்று உறைத்தது. அந்த இரண்டும் சோடியத்தின் கோடுகள். அங்கே ஹீலியத்துக்குக் கோடே கிடையாது.

மறுநாள் வகுப்பில் அதைத் திருத்திச் சொன்னேன். ஆனால் "கிடையாது" என்று வாயால் சொல்வது வேறு, காட்டுவது வேறு. அதற்காகத்தான் இந்தச் செலவு.

சரி, பொருளுக்கு வருகிறேன். முதலில் மூன்றிலும் மலிவான கைநிறமாலைகாட்டி. கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு முனையில் பிளவு, மறு முனையில் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணிப் படலம், உள்ளே ஒளியின் அலைநீளத்தைக் காட்டும் நானோமீட்டர் அளவுகோல் அச்சிட்ட ஒரு பட்டை. டியூப்லைட்டைப் பார்த்தால் பாதரசத்தின் பச்சைக் கோடு 546-இல் பளிச்சென்று நிற்கும். எல்இடி பல்பைப் பார்த்தால் கோடுகள் இல்லாமல் நிறம் ஒழுகிப் பரவியிருக்கும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்து வந்து சொன்னார்கள், அந்த அளவுக்கு நல்ல கருவி. வீட்டுக்கு எடுத்துப்போய்த் தெருவிளக்கு, கோயில் விளக்கு, பெட்ரோல் பங்க் விளக்கு என்று ஒரு வாரம் பட்டியல் போட்டார்கள்.

குறை அதன் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. "சூரியனில் ஹீலியத்தைக் காணுங்கள்" என்ற பொருளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஒரு சிறுவன் இந்தக் கருவியை நேராகச் சூரியனை நோக்கிப் பிடித்திருப்பதாகப் படம் போட்டிருக்கிறார்கள். இரண்டு காரணங்களுக்காக இது எனக்குப் பெரிய கோபத்தைத் தந்தது. ஒன்று, எந்தப் பிள்ளையும் எந்தக் கருவியாலும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். வெள்ளை மேகத்தையோ வெயில் படும் வெள்ளைச் சுவரையோ நோக்கிப் பிடித்தால் போதும், அதுவும் சூரிய ஒளிதான். பெற்றோர் வாங்கினால் தயவுசெய்து அந்தப் படத்தைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். இரண்டு, அப்படிப் பார்த்தாலும் அதில் ஹீலியம் தெரியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும் சாதாரணப் பகல் வெளிச்சத்தில் ஹீலியத்தின் மஞ்சள் கோடு தெரியாது. கருவிக்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன், அந்த அட்டைக்காக ஒன்றைக் குறைத்து இரண்டு.

ஏன் தெரியாது என்பதுதான் இந்த ஆறு மாதத்தில் எங்கள் வகுப்பில் அதிகம் பேசிய விஷயம். சூரியனில் உள்ள அணுக்களில் நூற்றுக்கு எட்டு ஹீலியம், நிறைக் கணக்கில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. சோடியமோ பத்து லட்சம் அணுவுக்கு இரண்டுகூடத் தேறாது. அந்தச் சோடியம் கரிக்கோடாகத் தெரிகிறது, மூட்டை மூட்டையாக இருக்கும் ஹீலியம் தெரியவில்லை. காரணம், தன் எலக்ட்ரானைப் பிடித்துவைத்திருப்பதில் ஹீலியத்தை மிஞ்சிய தனிமம் இல்லை. ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும், தனிமங்களிலேயே இதுதான் அதிகம். அதன் மஞ்சள் கோடு உண்டாக வேண்டுமானால், எலக்ட்ரான் முதலில் தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 21 எலக்ட்ரான் வோல்ட் உயரத்துக்கு ஏறி நிற்க வேண்டும். நாம் காணும் சூரியனின் மேற்பரப்பான ஒளிமண்டலம் 5,800 கெல்வின்தான். ஹீலியத்துக்கு அது குளிர். மாடிக்கு யாருமே ஏறாத வீட்டில், மாடியிலிருந்து நடக்க வேண்டிய வேலை எப்படி நடக்கும்? சோடியத்துக்கு அந்தச் சிரமம் இல்லை, தரைமட்டத்திலிருந்தே 2.1 எலக்ட்ரான் வோல்ட்டில் அதன் மஞ்சள் கோடு உண்டாகிவிடும்.

ஒளிமண்டலத்துக்கு மேலே நிறமண்டலத்திலும், அங்கிருந்து எழும் தீக்கொழுந்துகளிலும் நிலைமை வேறு. வெப்பம் கூடுகிறது, மேலே சூரியனின் வெளி அடுக்கான கொரோனாவிலிருந்து புறஊதாக் கதிர்கள் கொட்டுகின்றன, ஹீலியம் கிளர்ச்சியடைகிறது. ஆனால் அந்த மெல்லிய விளிம்பு சூரியனின் கண்கூசும் வெளிச்சத்தில் மறைந்தே கிடக்கும். முழு கிரகணத்தில் நிலா அந்த வெளிச்சத்தை மூடும்போது அது வெளியே வரும்.

அடுத்தது குழாய். இதில்தான் எனக்கு மனக்கஷ்டம். முதலில் வந்த குழாய் உடையாமல்தான் வந்தது. எரியவிட்டதும் கத்திரிப்பூ நிறத்தில் மங்கலாக எரிந்தது. நிறமாலைகாட்டியில் பார்த்தால் தனித்தனிக் கோடுகளுக்குப் பதிலாகச் சிவப்பிலிருந்து ஊதா வரை சீப்புப் பல் போல அடுக்கடுக்கான பட்டைகள். அது ஹீலியம் இல்லை, நைட்ரஜன். எங்கோ மயிரிழை விரிசல் வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. விற்றவரிடம் சொன்னபோது, "குழாய் எரிகிறதல்லவா, பிறகென்ன" என்றார். செல்போனில் பட்டைகளைப் படமெடுத்து அனுப்பி, நாலு தடவை பேசிய பிறகு வேறு குழாய் அனுப்பினார், கூரியர் செலவை எங்கள் தலையில் கட்டி. வாங்குபவர்கள் இதை நினைவில் வையுங்கள்: நல்ல ஹீலியம் குழாய் வெளிறிய ரோஜாவும் பீச் பழமும் கலந்த நிறத்தில் எரியும். கத்திரிப்பூ நிறமாகவும் பட்டை பட்டையாகவும் தெரிந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது குழாயை முதன்முதலில் எரியவிட்ட மத்தியானத்தை நான் மறக்க மாட்டேன். ஜன்னல்களை எல்லாம் கரும்பலகைத் துணியால் மூடி, ஆய்வக உதவியாளர் அண்ணன் கதவருகே நின்றுகொண்டார். சுவிட்சைப் போட்டதும் குழாயின் நடுவிலுள்ள மெல்லிய தண்டு மட்டும் ஒரு கோடாக ஒளிர்ந்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து நிறமாலைகாட்டியை வைத்துப் பார்த்தார்கள். 667.8-இல் ஒரு சிவப்பு, 501.6-இல் பச்சை, அதையொட்டி 492-இல் மங்கலான நீலப்பச்சை, 447.1-இல் நீலம் ஊதாவோடு சேரும் இடத்தில் ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், 587.6-இல், மற்ற எதையும் மங்கவைக்கும் மஞ்சள். எண்ணை முன்னாடியே சொல்லாமல் அவர்களையே வாசிக்கச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் "590 மிஸ்" என்றார்கள். இந்தச் சின்னக் கருவியில் அதற்கு மேல் நுணுக்கமாக வாசிக்க முடியாது. அந்த இரண்டரை நானோமீட்டர் பிழைதான் அடுத்த கேள்விக்கு வழி திறந்தது. சோடியமும் 589-தானே, அப்புறம் இது சோடியம் இல்லை என்று எப்படிச் சொன்னார்கள்?

1868-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18. ஏடன், தக்காணம், சயாம் (இன்றைய தாய்லாந்து) வழியாக முழு கிரகணப் பாதை. பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் குண்டூரில் முகாமிட்டிருந்தார். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் ஆய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அதே ஆய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி இன்னொரு குழுவோடு வனபர்த்தியில் இருந்தார். சூரிய விளிம்பின் தீக்கொழுந்துகளில் பளிச்சென்ற கோடுகளைக் கண்ட ழான்சென், இவ்வளவு பளிச்சென்று இருந்தால் கிரகணம் இல்லாமலேயே பார்க்கலாமே என்று நினைத்தார். மறுநாளே பார்த்தும்விட்டார். போக்சன் மஞ்சள் கோட்டைச் சோடியத்தின் இடத்தில், அல்லது அதற்கு அருகில், என்று ஐயத்தோடு குறித்தார். அந்த "அருகில்" என்ற ஒரு சொல் எனக்கு மிகவும் பிடித்தது. தெரிந்ததை மட்டும் எழுதிய மனிதர். இங்கிலாந்தில் வானியலாளர் நார்மன் லாக்யர் அதே ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி கிரகணம் எதுவும் இல்லாமல் சூரிய விளிம்பைப் பிரித்துப் பார்த்து, மஞ்சள் கோடு சோடியத்தின் இரண்டு கோடுகளோடும் பொருந்தவில்லை என்று உறுதியாகச் சொன்னார். சூரியனின் கிரேக்கப் பெயரான ஹீலியோஸிலிருந்து ஹீலியம் என்ற பெயரும் அவர் வழியாக வந்தது.

பெட்டிக்குள் வந்த வழிகாட்டித் தாளில் "ஹீலியத்தைக் குண்டூரில் ழான்சென் கண்டுபிடித்தார்" என்று ஒரே வரியில் இருக்கிறது. நம் பாடப்புத்தகக் குறிப்புகளும் பொதுஅறிவு வினாவிடைகளும் இதையேதான் சொல்கின்றன. ழான்சென் செய்தது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோடு சோடியம் இல்லை என்று பிரித்துச் சொன்னதுதான் ஹீலியத்தின் பிறப்பு. அந்தப் பிரிவு எவ்வளவு நுண்ணியது என்பது கையால் அளந்து பார்க்கும் வரை எனக்கே தெரியவில்லை.

அதை அளக்கக் கைக்கருவி போதாது. ஆனால் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் செய்முறைத் தேர்வுக்காக ஒரு நிறமாலைமானியும், மீட்டருக்கு ஆறு லட்சம் கோடுள்ள கீற்றணியும் இருக்கும். பிளஸ் டூ பிள்ளைகள் அதில் பாதரச நிறங்களை அளந்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடுவார்கள். நான் நிறமாலைமானியில் ஒளி நுழையும் குழாயான இணையாக்கியின் பிளவை முடிந்த மட்டும் குறுக்கி, முன்னால் ஹீலியம் குழாயை நிறுத்தினேன். கீற்றணி விரிக்கும் முதல் வரிசையில் மஞ்சள் கோடு 20 பாகை 39 நிமிடத்தில் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்) விழுந்தது. குழாயை எடுத்துவிட்டுச் சோடியம் விளக்கை வைத்தோம். 20 பாகை 42 நிமிடத்தில் ஒன்று, 43-இல் ஒன்று. வெர்னியரின் மீச்சிற்றளவு 1 நிமிடம், அதற்குக் கீழே வாசிக்க முடியாது. ஆக, ஹீலியத்துக்கும் சோடியத்துக்கும் நடுவில் வெறும் மூன்று கோடு தூரம்! கொடைக்கானலில் கேள்வி கேட்ட அந்தப் பெண்தான் அளவெடுத்தாள். ஒரு முறை எடுத்து நம்பாமல், இடப்பக்கம் வலப்பக்கம் இரண்டும் எடுத்து, பிறகு இரண்டாம் வரிசையிலும் எடுத்தாள். அங்கே வெளிச்சம் மங்கல், ஆனால் இடைவெளி எட்டு நிமிடமாக விரிந்தது. லாக்யர் பார்த்தது இந்த இடைவெளியைத்தான்.

இந்த ஒரு செய்முறைக்காகவே குழாய்க்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். கைக்கருவியோடு மட்டும் சேர்த்து வாங்கினால் இதன் பலனில் பாதிகூடக் கிடைக்காது. பள்ளியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ நிறமாலைமானி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மின்வழங்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் கவனமாகப் படியுங்கள். இது ஐயாயிரம் வோல்ட் தரும். குழாயின் இரண்டு முனைகளையும் பிடிக்கும் உலோகக் கவ்விகள் மூடி எதுவும் இல்லாமல் திறந்து கிடக்கின்றன. சுவிட்சு பின்பக்கம் இருக்கிறது, அதை அணைக்கக் கவ்விக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. இது பள்ளிக்கூடத்துக்குச் செய்த வடிவமே இல்லை. நாங்கள் அக்ரிலிக் தகட்டில் ஒரு கூண்டு செய்து மாட்டி, சுவர் சுவிட்சில் மட்டுமே போட்டு அணைக்கிறோம். முப்பது வினாடி எரிந்தால் முப்பது வினாடி ஓய்வு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் குழாயின் ஆயுள் குறையும். அணைத்ததும் தொட்டால் கை சுடும். வீட்டுக்குப் பிள்ளைகளுக்காக இந்த மின்வழங்கியை வாங்காதீர்கள். ஐந்தில் இரண்டு.

இனி, விண்வெளியில் ஹீலியம் பற்றி இந்தக் குழாய் எங்களுக்கு என்ன கற்றுத்தந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், "மிஸ், இந்தக் குழாய்க்குள்ள இருக்கற ஹீலியம் சூரியன்லேர்ந்து வந்ததா?" என்று கேட்டான். இல்லை. இது நிலத்துக்கடியில் பிறந்தது. பாறைகளில் இருக்கும் யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஆல்ஃபா துகளை வெளியே விடுகின்றன. அந்தத் துகள் இரண்டு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டால் அதுதான் ஹீலியம் அணு. கோடிக்கணக்கான வருடங்களாக அப்படிச் சேர்ந்து, இயற்கை எரிவாயுவோடு சிறைப்பட்டு, எரிவாயுக் கிணறு வழியாக வெளியே வருகிறது. 1895-இல் வேதியியலாளர் வில்லியம் ராம்சே முதன்முதலாகப் பூமியில் ஹீலியத்தைப் பிரித்தெடுத்ததும் கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்தில்தான். ஆர்கானைத் தேடி அமிலம் ஊற்றியவருக்கு 27 வருடமாகச் சூரியனில் மட்டும் இருந்ததாக எல்லாரும் நினைத்த மஞ்சள் கோடு கிடைத்தது. காற்றில் கசிந்தது மேலே போய் மெல்ல மெல்ல விண்வெளிக்குத் தப்பிவிடும், பூமியின் ஈர்ப்புக்கு அதைப் பிடித்துவைக்கத் தெம்பில்லை. நாம் மூச்சு விடும் காற்றில் பத்து லட்சத்துக்கு ஐந்து பங்குதான் எஞ்சியிருக்கிறது. எம்ஆர்ஐ எந்திரங்களின் காந்தங்களைக் குளிரவைக்க வேண்டிய வாயு இது. ஆண்டு விழா பலூனில் அடைத்துப் பறக்கவிடுவதை எங்கள் பள்ளியில் இந்த வருடத்திலிருந்து நிறுத்திவிட்டோம்.

அப்படியானால் சூரியனின் ஹீலியம்? இந்த இடத்தில்தான் நானே புதிதாகக் கற்றுக்கொண்டேன். சூரியன் தன் மையத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றுகிறது, அதில் 40 லட்சம் டன் அளவுக்கு நிறை ஆற்றலாகிவிடுகிறது. இதை வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். அதனால் குண்டூரில் தெரிந்த மஞ்சள் கோடு சூரியன் சமைத்த ஹீலியத்தின் வெளிச்சம் என்றே நினைத்திருந்தேன். அது சரியில்லை. மையத்தில் உண்டாகும் ஹீலியம் மையத்திலேயே தங்குகிறது. அதற்கு மேலே இருக்கும் கதிர்வீச்சு மண்டலத்தில் பொருள் கலந்து மேலே வருவதில்லை. விளிம்பில் தெரிவது, 460 கோடி வருடத்துக்கு முன் சூரியன் எந்த மேகத்திலிருந்து உருவானதோ அந்த மேகத்தில் ஏற்கெனவே இருந்த ஹீலியம். அதில் மிகப் பெரும்பகுதி, பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து உண்டானது. வயது 1,380 கோடி வருடம். ஆக எங்கள் மேசையில் எரிவது பாறையில் பிறந்தது, அன்று குண்டூரில் எரிந்தது சூரியனுக்கும் மூத்தது. இரண்டுக்கும் கோடு மட்டும் ஒரே இடத்தில், 587.6-இல்.

இதைச் சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

நட்சத்திரங்களுக்கும் இதே கதைதான். திருவாதிரை சிவப்பாக இருக்கும், மேற்பரப்பு 3,500 கெல்வின் அளவுதான். அதற்குள் டன் கணக்கே போட முடியாத ஹீலியம் இருக்கிறது, மையத்தில் அதைக் கார்பனாக எரித்துக்கொண்டிருக்கிறது என்றே பெரும்பாலான வானியலாளர்கள் கருதுகிறார்கள். ஆனாலும் அதன் ஒளியில் ஹீலியம் கோடு கிடையாது. சித்திரை நட்சத்திரமோ வெண்ணீலம், 20,000 கெல்வினுக்கு மேல். அதன் ஒளியில் ஹீலியத்தின் கருங்கோடுகள் தெளிவாக நிற்கும். எங்கள் பகுதியில் ஜாதகத்துக்காகத் தெரிந்துவைத்திருக்கும் பெயர்கள் இவை. மார்கழியில் மொட்டைமாடியில் திருவாதிரையைக் காட்டி, சித்திரை உதித்த பிறகு அதையும் காட்டி, இருப்பதும் தெரிவதும் வேறு வேறு என்று சொல்ல முடிந்தது.

எங்கள் வேதியியல் ஆசிரியர் ஒரு வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதோடும் சேராத மந்த வாயு என்று நாம் சொல்லும் ஹீலியம்தான், பிரபஞ்சத்தில் முதன்முதலாக ஒரு மூலக்கூறில் சேர்ந்தது என்று ஆரம்பித்தார். ஹீலியம் அணுவும் ஒரு புரோட்டானும் சேர்ந்த ஹீலியம் ஹைட்ரைடு அயனி. ஆய்வகத்தில் அதை 1925-லேயே உண்டாக்கிவிட்டார்கள், விண்வெளியில் மட்டும் அகப்படவில்லை. சோஃபியா என்ற, 2022 வரை விமானத்தில் பறந்த தொலைநோக்கிதான் என்ஜிசி 7027 என்ற கோள்வடிவ நெபுலாவில் (சாகும் நட்சத்திரம் வெளியே தள்ளிய வாயு மேகம்) அதைக் கண்டது, 2019-இல் முடிவு வெளியானது. அவர் அதைச் சொன்ன உற்சாகத்தில், அன்று குழாயை நானே அவருக்காக எரியவிட்டேன்.

வியாழனும் சனியும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கலன் வியாழனின் காற்றுக்குள் இறங்கி அளந்தது. அங்கும் நிறையில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஹீலியம். சனியின் ஆழத்தில், ஹைட்ரஜன் உலோகம் போல ஆகிவிடும் அழுத்தத்தில், ஹீலியம் அதோடு கலக்காமல் துளித்துளியாகப் பிரிந்து மழையாகக் கீழே இறங்குவதாக விளக்குகிறார்கள். சூரியனிடமிருந்து வாங்குவதைவிடச் சனி அதிக வெப்பத்தை வெளியே விடுவதற்கு இந்த மழையும் ஒரு காரணம். நிலாவில் அப்பல்லோ 11 வீரர்கள் ஓர் அலுமினியத் தாளைக் கம்பில் கட்டி 77 நிமிடம் சூரியக் காற்றில், அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள்களின் ஓட்டத்தில், நிறுத்தி, சுருட்டிக் கொண்டுவந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் அதைச் சூடாக்கி, அதில் பதிந்திருந்த ஹீலியத்தை அளந்தார்கள். "நம்ம வீட்டு அலுமினியத் தாள் மாதிரியா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

ஆறு மாதத்தில் குழாய் மங்கவில்லை. மஞ்சள் கோடு முதல் நாள் போலவே இருக்கிறது. பஞ்சு சுற்றி, பழைய சில்வர் டிபன் கேரியருக்குள் நிறுத்திவைக்கிறோம். நான் முதலில் இருந்து தொடங்குவதாக இருந்தால் கைநிறமாலைகாட்டியை மூன்றாக வாங்குவேன், மின்வழங்கியை மூடிய கவ்வியும் முன்பக்கச் சுவிட்சும் உள்ள வேறு வகையாகத் தேடுவேன், குழாயை அப்படியே இதையே வாங்குவேன். கூடவே ஹைட்ரஜன் குழாய் ஒன்றும். அதற்கு இப்போது ஆர்டர் கொடுத்திருக்கிறோம்.

ஆர்டர் கொடுக்கும்போது விற்றவரிடம் அட்டைப்பெட்டிப் படத்தைப் பற்றி மறுபடி சொன்னேன். இந்தத் தடவை பொறுமையாகக் கேட்டார். "என்ன அச்சடிக்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்" என்றார். அந்த மாணவியிடம் விட்டுவிட்டேன். இரண்டு நாள் யோசித்து எழுதி வந்தாள்: "இதைச் சூரியனை நோக்கிப் பிடிக்காதீர்கள். வெள்ளைச் சுவரைப் பாருங்கள். ஹீலியம் அதில் இருக்கிறது, தெரியாது. தெரிய வேண்டுமானால் 2034 மார்ச் 20 வரை காத்திருங்கள்." அன்றைக்கு லடாக் பக்கம் முழு கிரகணம். அவள் போகப்போகிறாளாம். நிறமாலைமானியைத் தருவீர்களா என்று இப்போதே கேட்டுவைத்திருக்கிறாள்.